செக்கைப் போட்டுடுவோம்னு மிரட்டற ஏஜென்சி, பாக்கி தராத ஷோரூம்: கொருக்குப்பேட்டை வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

கொருக்குப்பேட்டைலேருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பேர், பிராண்டு பேர் எதுவும் வெளில வர வேணாம்னு கேட்டுக்கிட்டதால அடையாளம் தெரியற விவரத்தை எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வீட்டு மாடில ஆறு மெஷின் போட்டு, நாத்தனாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து நைட்டி தைக்கறாங்க, துணி ஈரோட்லேருந்து வருது, தைச்சது பாதி பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைங்களுக்குப் போகுது, மீதி ஒரு வருஷத்துக்கு மேலா ஒரு பெரிய ஷோரூமுக்குப் போகுது.

போன மார்ச்ல ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்காரங்க வந்து "மாசம் 200 ஆர்டர் கேரண்டி"ன்னு சொல்லி 12 மாச பேக்கேஜ்ல சேர்த்திருக்காங்க. மாசம் 15,000, ஜிஎஸ்டியோட 17,700. மூணு மாசம் அட்வான்ஸ், மீதி ஒன்பது மாசத்துக்கு போஸ்ட் டேட்டட் செக். அதுல ரெண்டு செக் பாஸ் ஆயிடுச்சு, ஏழு செக் இன்னும் அவங்க கைல இருக்கு. இது போக விளம்பரச் செலவுன்னு தனியா 40,000 ஜிபேல அனுப்பியிருக்காங்க. இந்த அஞ்சு மாசத்துல வந்தது 11 ஆர்டர். ஃபாலோயர்ஸ் மட்டும் 9,000 பேர், ஆனா கமெண்ட் போடறவங்க யாருக்கும் தமிழே தெரியல. இன்ஸ்டாகிராம் பேஜோட பாஸ்வேர்ட் ஏஜென்சிகிட்ட. நிறுத்திக்கலாம்னு கேட்டா "அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க, மீதி ஏழு மாசக் காசையும் கட்டணும், இல்லன்னா செக்கைப் போட்டு பவுன்ஸ் ஆக்கி போலீஸை அனுப்புவோம்"னு சொல்றாங்களாம்.

அதே நேரத்துல, டிசம்பர் ஜனவரில அந்த ஷோரூமுக்கு அனுப்பின சரக்குக்கு 3,40,000 ரூபா இன்னும் வரல. கேட்டா "அடுத்த மாசம்". இப்ப அவங்களே தீபாவளிக்கு 2,000 பீஸ், பீஸ் 190 ரூபான்னு புது ஆர்டர் தர்றதா சொல்லி ஒரு இங்கிலீஷ் அக்ரிமென்ட் அனுப்பியிருக்காங்க. வீட்டுக்காரர் "கையெழுத்து போடு, இல்லன்னா பழைய காசும் போயிடும்"ங்கறாரு. துணி வாங்க தண்டல் எடுக்கலாமான்னு யோசிக்கறாங்க. "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க, அதனால ஏஜென்சி அக்ரிமென்ட் செல்லாதுதானே? ஷோரூமோட ஸ்டாம்ப் பேப்பர்ல எதுவும் எழுதிக்கல, அதனால கேஸ் போட முடியாதுதானே?"ன்னு கேட்டு முடிச்சிருக்காங்க.

சகோதரி, உங்க கடைசி ரெண்டு கேள்விலேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா ரெண்டுமே நீங்க நினைக்கறதுக்கு நேர் எதிர். படிக்கத் தெரியாம கையெழுத்து போட்டாலும் பொதுவா அது உங்களைக் கட்டுப்படுத்தும், "எனக்குப் புரியல"ங்கறத மட்டும் வச்சு கோர்ட்ல தப்பிக்க முடியாது. ஸ்டாம்ப் பேப்பர் இல்லாததால ஷோரூம் காசு போயிடுச்சுங்கறதும் தப்பு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துப்படி வாய்ப்பேச்சுல ஆன ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நீங்க சரக்கு அனுப்பினீங்க, அவங்க வாங்கி வித்தாங்க, பில் இருக்கு, டெலிவரி சலான்ல அவங்க ஸ்டோர் ஆள் போட்ட கையெழுத்து இருக்கு, அது போதும் கடன் இருக்குன்னு காட்ட. அதனால நீங்க தைரியமா இருக்கற இடத்துல கொஞ்சம் கவனமாவும், பயந்துக்கிட்டு இருக்கற இடத்துல கொஞ்சம் தைரியமாவும் இருக்க வேண்டியிருக்கு.

ஏஜென்சி விஷயம்

நீங்க அனுப்பின அக்ரிமென்ட் போட்டோவை முழுசா படிச்சேன். நாலு பக்கம், கடைசிப் பக்கத்துல மட்டும் உங்க கையெழுத்து. அதுல "மாசம் 200 ஆர்டர்" எங்கயும் இல்ல, வாயால சொன்னது எதுவும் ஒப்பந்தத்துல சேராதுன்னு ஒரு ஷரத்து வேற போட்டிருக்காங்க. ஆனா அவங்க சேல்ஸ் பையன் அனுப்பின வாய்ஸ் நோட் உங்க போன்ல இருக்கு. பொய்யா ஒரு விஷயத்தைச் சொல்லி நம்ப வச்சு கையெழுத்து வாங்கினா அந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணற உரிமை உங்களுக்கு உண்டு, அதே ஒப்பந்தச் சட்டத்தோட 18, 19-வது பிரிவு அதைத்தான் சொல்லுது, வாயால சொன்னது சேராதுங்கற ஷரத்து இதை நிரூபிக்கறதுக்குத் தடை இல்ல. இருந்தாலும் ஒரு விஷயம் சொல்லிடறேன், "200 ஆர்டர் வரும்"ங்கறத கோர்ட் வெறும் வியாபாரப் பேச்சுன்னு எடுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு. அதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

உங்க உண்மையான பலம் மூணாவது பக்கத்துல இருக்கு. மாசம் 12 ரீல்ஸ், 20 போஸ்ட், மாசக் கடைசில ரிப்போர்ட்னு அவங்களே எழுதியிருக்காங்க. அஞ்சு மாசத்துக்கு 60 ரீல்ஸ் வந்திருக்கணும். நீங்க எண்ணி எழுதியிருக்கற கணக்குப்படி வந்தது 19, ரிப்போர்ட் ஒண்ணு கூட வரல. ஆர்டர் வர்றதும் வராததும் ஆயிரம் காரணத்தால இருக்கலாம்னு அவங்க வாதாடலாம், ஆனா 60-க்கு 19 போட்டதுக்கு அப்படி ஒண்ணும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை முதல்ல மீறினது அவங்கதான்னு நீங்க நிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து "மீதி ஏழு மாசக் காசும் கட்டணும்"ங்கற மிரட்டல். கணக்குப் பார்த்தா 1,23,900 வருது. நடுவுல விட்டா மொத்தத்தையும் தரணும்னு எழுதியிருந்தாலும் அப்படியே அத்தனையும் வாங்கிட முடியாது. 74-வது பிரிவுப்படி ஒப்பந்தத்துல எழுதின தொகை உச்சவரம்பு மட்டும்தான், அதுக்குள்ள நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கோர்ட் தரும். 1963-ல ஃபதே சந்த் வழக்குலயும், 2015-ல கைலாஷ் நாத் வழக்குலயும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. வேலையே செய்யாத ஏழு மாசத்துக்கு அவங்களுக்கு என்ன நஷ்டம், ரீல்ஸ் எடுக்கற பையனோட சம்பளம் மிச்சம்தானே ஆகுது, அதை அவங்க விளக்கணும். பேசி முடிக்கறதா இருந்தா ஒரு மாச நோட்டீஸ் காசுன்னு 17,700 வரைக்கும் கேப்பாங்கன்னு எதிர்பார்க்கலாம். வேலை செய்யாத கணக்கை முன்னாடி வச்சா அதையும் குறைக்கலாம், ஆனா முழு நிம்மதிக்காக அதைக் கொடுத்து செக்கைத் திருப்பி வாங்கறதா இருந்தா அதுவும் மோசமான முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன்.

செக்கும் போலீஸ் பயமும்

செக் பவுன்ஸ் ஆனா போலீஸ் வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போகும்னு வடசென்னைல பாதிப் பேர் நம்பறாங்க, கந்துவட்டிக்காரங்க பரப்பி விட்ட பயம் அது. செக் பவுன்ஸுக்கான சட்டம் என்.ஐ. ஆக்ட் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 138-வது பிரிவு, அது எப்படி நடக்கும்னா, செக் திரும்பினது தெரிஞ்ச 30 நாளுக்குள்ள அவங்க உங்களுக்கு எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் உங்களுக்கு டைம், அதுக்குள்ள காசு கட்டலன்னாதான் அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்ல அவங்க புகார் போடலாம். ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடற விஷயமே இல்ல இது. கோர்ட் சம்மன் வரும், அதுக்கு மட்டும் கண்டிப்பா போகணும், போகாம இருந்தாதான் வாரண்ட் வரைக்கும் போகும்.

ஆனா இதை லேசாவும் எடுத்துக்காதீங்க. செக்ல கையெழுத்து உங்களோடதுன்னா அது கடனுக்காகக் கொடுத்ததுன்னுதான் சட்டம் முதல்ல எடுத்துக்கும், இல்லன்னு காட்டற பொறுப்பு உங்க தலைல. தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலோ, செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ இருக்கலாம். உங்களுக்கு சாதகமா இருக்கறது என்னன்னா, இன்னும் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கொடுத்த செக், அதுக்குள்ள ஒப்பந்தமே முடிஞ்சு போச்சுன்னா அந்தத் தேதில கடனே இல்ல. 2014-ல இண்டஸ் ஏர்வேஸ் வழக்குல, ரத்தான ஆர்டருக்கு அட்வான்ஸா கொடுத்த செக்குக்கு 138 வராதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனாலதான் வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல காரணத்தோட எழுத்துல ஒப்பந்தத்தை முடிக்கணும், செக்கைத் திருப்பிக் கேக்கணும், அதுக்கப்புறம்தான் பேங்க்ல ஸ்டாப் பேமென்ட், அதாவது அந்தச் செக்குக்குக் காசு தராதீங்கன்னு எழுதிக் கொடுக்கறது. எதுவும் எழுதாம அக்கவுண்ட்ல காசை எடுத்துட்டு சும்மா இருந்தீங்கன்னா ஏமாத்தினது நீங்கங்கற மாதிரி ஆயிடும். ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலும் 138 நோட்டீஸ் வரலாம், ஆனா அக்கவுண்ட்ல போதுமான பணமும் இருந்து, கையில முடிவு நோட்டீஸ் அனுப்பின ரசீதும் இருந்தா உங்க நிலைமை ரொம்ப பலமா இருக்கும். எந்த நோட்டீஸ் வந்தாலும் 15 நாளுக்குள்ள பதில் போடுங்க.

முடிவு நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பேஜ்ல இருக்கற எல்லா ரீல்ஸ், போஸ்ட்டையும் தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, உள்ள வந்திருக்கற கஸ்டமர் மெசேஜையும் எடுத்துடுங்க, ஏன்னா நோட்டீஸ் போன அடுத்த நாள் பேஜே மறைஞ்சு போகலாம். நோட்டீஸ்லயே பேஜ் அட்மின் உரிமை, அந்த 40,000 எங்க செலவாச்சுன்னு காட்டற மெட்டா (இன்ஸ்டாகிராமை நடத்தற கம்பெனி) பில் ரெண்டையும் கேளுங்க. விளம்பரத்துக்குக் கட்டின ஒவ்வொரு ரூபாவுக்கும் மெட்டாவோட விளம்பரக் கணக்குப் பக்கமான ஆட்ஸ் மேனேஜர்ல கணக்கு இருக்கும், காட்ட மாட்டோம்னு சொன்னாலே அது ஒரு பதில்தான்.

ஏஜென்சி எடுத்த போட்டோ யாரோடதுன்னு கேட்டிருந்தீங்க. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் வீடியோவும், வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும், காப்பிரைட் சட்டம் 17-வது பிரிவுப்படி எடுக்கச் சொன்னவங்களோடது, அதாவது உங்களோடது. லோகோவுக்கு அப்படி இல்ல, வரைஞ்சவங்க எழுத்துல உங்களுக்கு மாத்திக் கொடுக்கணும், அதனால நோட்டீஸ்ல அதையும் சேர்த்துக் கேளுங்க. பிராண்டு பேரை டிரேட்மார்க்கா பதிவு பண்ண தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபா, துணிமணி 25-வது வகுப்பு. பேஜ் கைக்கு வந்தாலும் வராட்டியும் இதைச் செஞ்சு வச்சுடுங்க, நாளைக்கு அதே பேர்ல வேற யாரும் விக்க ஆரம்பிச்சா நிறுத்தச் சொல்றதுக்கு இது வேணும்.

ஷோரூம் பாக்கி: நீங்க கவனிக்காம விட்ட ஒரு வரி

உங்க கடிதத்துல நடுவுல "லோனுக்காக பையன் 2022-ல உத்யம் எடுத்துக் கொடுத்தான்"னு ஒரே வரில எழுதிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அதைப் படிச்சதும் பெரிய நிம்மதி. உத்யம்ங்கற அந்த சிறு தொழில் பதிவுச் சான்றிதழ் லோனுக்கு மட்டும் இல்லங்க. 2006-ம் வருஷத்து குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்துல உங்கள மாதிரி தைக்கறவங்களுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. சரக்கு வாங்கினவங்க, தேதி எதுவும் எழுதிக்கலன்னா 15 நாள்ல காசு தரணும். எழுதிக்கிட்டாலும் அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. உதாரணத்துக்கு பேங்க் ரேட் 6 சதவீதம்னு வச்சுப் பார்த்தா வருஷம் 18 சதவீதம், உங்க 3,40,000-க்கு முதல் மாசமே 5,100 ரூபா. சரக்கு வந்து 15 நாளுக்குள்ள "இது சரியில்ல"ன்னு அவங்க எழுத்துல சொல்லலன்னா, ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம், இப்ப வந்து குறை சொல்ல முடியாது.

ரெண்டு விஷயம் மட்டும் சரி பாருங்க. சான்றிதழ்ல உங்க தொழில் உற்பத்தின்னு இருக்கா, வெறும் வியாபாரம்னு இருக்கான்னு பாருங்க, வாங்கி விக்கற வியாபாரிங்களுக்கு இந்த பாக்கிச் சலுகை கிடையாது, அவங்களை 2021-ல கடன் வசதிக்காக மட்டும்தான் உத்யம்ல சேர்த்தாங்க. பிரவுசிங் சென்டர்ல அவசரமா பதிஞ்சப்ப தப்பா போட்டிருந்தா உடனே திருத்துங்க. அடுத்தது பதிவோட தேதி. சரக்கு அனுப்பின பிறகு பதிவு பண்ணினவங்களோட நிலைமை கோர்ட்ல இன்னும் இழுபறிலதான் இருக்கு, உங்களோடது 2022, சப்ளை அதுக்கப்புறம், அதனால உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல. இதைப் படிக்கற மத்த பட்டறைக்காரங்க, வியாசர்பாடி லேத் பட்டறையோ ராயபுரத்து பேக்கிங் யூனிட்டோ, இன்னும் பதியலன்னா இந்த வாரமே பதிஞ்சுடுங்க, அரசாங்க தளத்துல ஆதாரும் பானும் இருந்தா போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது.

காசு கேக்கற வழி இப்படி. முதல்ல ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்லயும் மெயில்லயும். பில் நம்பர், தேதி, தொகை, உங்க உத்யம் நம்பர், வட்டிக் கணக்கு. கோவமா ஒரு வார்த்தை கூட வேணாம். இந்தக் கடிதம் பர்சேஸ் மேனேஜரோட நிக்காம அவங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கும் போகணும், ஏன்னா 2023 நிதிச் சட்டத்துல ஒரு விதி கொண்டு வந்தாங்க, குறு சிறு உற்பத்தியாளருக்கு இந்த 15, 45 நாள் கெடுவுக்குள்ள தராம வருஷக் கடைசில பாக்கி வச்சா அந்தத் தொகையை அந்த வருஷச் செலவா காட்டி வரியைக் குறைக்க முடியாது, எந்த வருஷம் நிஜமா தர்றாங்களோ அந்த வருஷம்தான் காட்டலாம். நீங்க உத்யம் எடுத்தவங்கன்னு அவங்க ஆடிட்டருக்கு இதுவரைக்கும் தெரிஞ்சிருக்காது, உங்க பில்லுல அந்த நம்பரே இல்லையே. நிறைய பேருக்கு இந்தக் கடிதத்துலயே காசு வந்துடுது.

வரலன்னா குறு, சிறு நிறுவனங்களோட பாக்கிக்குன்னே இருக்கற அரசாங்க ஆன்லைன் தளத்துல புகார் பதியலாம். அது சென்னைல இருக்கற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும், முதல்ல சமரசம், முடியலன்னா தீர்ப்பு. 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதைவிட இழுக்கும், அதையும் மனசுல வச்சுக்குங்க. ஆனா தீர்ப்பு உங்க பக்கம் வந்துட்டா அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக அவங்க தொகைல 75 சதவீதத்தை முதல்ல கட்டிட்டுத்தான் போகணும், பெரிய கடைக்காரங்க இழுத்தடிக்கற ஆசையை அது நிறைய குறைக்கும்.

சாதாரண கோர்ட்டுக்கு மூணு வருஷக் கெடு இருக்கு, அது உங்களுக்கு இப்ப பிரச்சனை இல்ல. வாட்ஸ்அப்ல "நெக்ஸ்ட் மன்த் கிளியர் பண்றோம் மேடம்"னு மேனேஜர் போட்ட மெசேஜ் எல்லாம் தங்கம், அழிச்சிடாதீங்க, போனை மாத்தாதீங்க, மாத்தினாலும் பழைய போனை வித்துடாதீங்க. 2024 ஜூலை 1-லேருந்து நடைமுறைல இருக்கற புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழோட அதை சாட்சியமா தாக்கல் பண்ணலாம். இதுக்கெல்லாம் வக்கீலுக்கு எங்க காசுக்குப் போறதுன்னு யோசிச்சிருப்பீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷத்து சட்டம் அது, 15100-க்கு போன் பண்ணினா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டுவாங்க.

தீபாவளி ஆர்டர்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

இதுலதான் எனக்கு உங்க மேல உண்மையிலேயே கவலை. "கையெழுத்து போடலன்னா பழைய காசு போயிடும்"னு வீட்டுக்காரர் சொல்றாரு, அவர் பயம் புரியுது, ஆனா பழைய காசு வர்றதுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் சட்டத்துல எந்த சம்பந்தமும் இல்ல. சொல்லப் போனா இப்ப அவங்களுக்கு உங்க சரக்கு வேணும், தீபாவளிக்கு 2,000 பீஸ் ஒரே அளவு, ஒரே தையல்ல தர்ற இன்னொரு ஆளை அவங்க இந்த நேரத்துல தேடணும்னா கஷ்டம். வருஷத்துல உங்க பேச்சு எடுபடற நேரம் இதுதான், கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் அது இருக்காது.

அக்ரிமென்ட்ல நாலு இடம் எனக்கு உறுத்துது. பேமென்ட் 90 நாள்னு போட்டிருக்காங்க. சட்டப்படி 45 நாளைத் தாண்டினது செல்லாது, நீங்க கையெழுத்தே போட்டாலும் செல்லாது, ஆனா எதுக்கு அந்த வாக்குவாதம், 45 நாள்னு திருத்தச் சொல்லுங்க. லேட்டானா நாளைக்கு 1 சதவீதம் அபராதம்னு இருக்கு. ஆர்டர் மொத்தம் 3,80,000, அப்ப ஒரு நாளைக்கு 3,800, பத்து நாள் தள்ளிப் போனா 38,000. 74-வது பிரிவு இங்கயும் உங்களைக் காப்பாத்தும்தான், ஆனா காசு அவங்க கைல இருக்கும், பிடிச்சுக்கிட்டுத்தான் பில் பாஸ் பண்ணுவாங்க, பின்னாடி அலையறது நீங்க. லேட்டான பீஸுக்கு மட்டும், மொத்தத்துல 5 சதவீதத்துக்கு மேல போகாம எழுதிக்குங்க. மழை வெள்ளம், கரண்ட் இல்லாத நாள் கணக்குல வராதுன்னும் எழுதணும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப நம்ம ஏரியா எப்படித் தத்தளிச்சதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, தீபாவளி தையல் வேலை வடகிழக்கு மழை ஆரம்பிக்கற நேரத்துலதான் வருது.

மூணாவது, விக்காத பீஸை எப்ப வேணா திருப்பி அனுப்புவோம்ங்கற ஷரத்து. இதை ஏத்துக்கிட்டீங்கன்னா அவங்க கடை நஷ்டத்தை நீங்க சுமக்கறீங்க. தையல் குறை இருந்தா சரக்கு வந்த 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லி அந்தப் பீஸை மட்டும் அனுப்பலாம், விக்கலங்கறதுக்காக அனுப்பக் கூடாதுன்னு மாத்துங்க. நாலாவது, வேற யாருக்கும் நைட்டி சப்ளை பண்ணக் கூடாதுன்னு இருக்கு, அதுவும் ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு வருஷம் வரைக்கும். முடிஞ்சதுக்கு அப்புறம் தொழில் பண்ணக் கூடாதுங்கற பகுதி ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி செல்லாது. ஆனா ஒப்பந்தம் நடக்கற காலத்துல வேற ஆளுக்குத் தரக் கூடாதுங்கறத கோர்ட்டுங்க பொதுவா ஏத்துக்குது, அதனால "எப்படியும் செல்லாது"ன்னு நம்பி கையெழுத்து போட்டீங்கன்னா எம்.சி. ரோடு கடைங்களுக்கு தீபாவளி சீசன்ல சரக்கு தர முடியாம மாட்டிப்பீங்க. அவங்க கொடுக்கற டிசைனை மட்டும் வெளில தர மாட்டேன்னு எழுதிக் கொடுங்க, அது நியாயம்.

தண்டல் வேணாங்க. இந்த ஒரு விஷயத்துல நான் ரெண்டு பக்கமும் பார்த்துப் பேசப் போறதில்ல. தினமும் வசூலுக்கு வந்து நிப்பாங்க, உங்களுக்குக் காசு வர 45 நாள் ஆகும், அந்தக் கணக்கு எந்த விதத்துலயும் ஒத்து வராது. பழைய பாக்கில பாதியை, நீங்க துணியை வெட்டறதுக்கு முன்னாடி தரணும், மீதிக்கு எழுத்துல தேதி, புது ஆர்டருக்கு துணி வாங்க 50 சதவீதம் அட்வான்ஸ், இதுதான் நீங்க வைக்க வேண்டிய நிபந்தனை. ஒத்துக்கலன்னா 2,000-க்கு பதிலா அட்வான்ஸ் எவ்வளவோ அவ்வளவு பீஸ் மட்டும் தைங்க. அட்வான்ஸே கிடையாதுன்னா ஆர்டரை விட்டுடுங்கன்னுதான் சொல்வேன், அந்த நேரத்துல தைக்கற நைட்டியை எம்.சி. ரோட்ல கைக்காசுக்கு விக்கலாம், லாபம் கம்மிதான், ஆனா பொங்கலுக்குள்ள முதல் திரும்பி வந்துடும்.

இனிமே விளம்பரம்

ஒரு ஏஜென்சி ஏமாத்திட்டதால ஆன்லைனே வேணாம்னு எழுதியிருக்கீங்க. அப்படி முடிவு பண்ணிடாதீங்க. வந்த 11 ஆர்டர்ல ஏழு பேர் திரும்பவும் வாங்கியிருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது உங்க தையலுக்குக் கிடைச்ச மரியாதை. அந்த ஏழு பேர் யாரு, எந்த ஏரியா, எந்த சைஸ் வாங்கறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, உங்களுக்கு வேண்டிய ஆராய்ச்சி அதுதான். வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் போட காசு இல்ல, கூகுள் மேப்ல கடையைப் பதிய காசு இல்ல, ரெண்டையும் உங்க சொந்த நம்பர், சொந்த மெயில்ல வைங்க. புதுசா யார் போன் பண்ணினாலும் "எங்க பார்த்தீங்க?"ன்னு கேட்டு எழுதிக்குங்க. வெளியூர்ல இருக்கற 9,000 பேர் லைக் போடறதை விட தண்டையார்பேட்டைல, திருவொற்றியூர்ல இருக்கற 200 பெண்களோட நம்பர் உங்ககிட்ட இருக்கறது பெருசு.

திரும்ப யாரையாவது வேலைக்கு வச்சா, மாசா மாசம் ஒப்பந்தம், 30 நாள் நோட்டீஸ்ல ரெண்டு பேரும் விலகலாம், பேஜும் விளம்பரக் கணக்கும் உங்க பேர்ல, அவங்களுக்கு வேலை செய்யற அனுமதி மட்டும், விளம்பரக் காசு உங்க கார்டுலேருந்து நேரா மெட்டாவுக்கு. போஸ்ட் டேட்டட் செக் எந்தக் காரணத்துக்கும் வேணாம். ஆர்டர் கேரண்டி தர்றேன்னு சொல்றவங்ககிட்ட அதை அக்ரிமென்ட்ல எழுதித் தரச் சொல்லுங்க, அங்கயே தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, நீங்க கேக்காததுதான், ஆனா சொல்லாம விட முடியல. பெங்களூருக்கு ரெண்டு பார்சல் அனுப்பினதா எழுதியிருக்கீங்க. தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு விக்கற வரைக்கும் வருஷம் 40 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், ஆனா வெளி மாநிலத்துக்கு வித்தா ஒரு பீஸா இருந்தாலும் பதிவு வேணும். உங்களுக்கு ஜிஎஸ்டி இருக்கான்னு எழுதல. இல்லன்னா பதியற வரைக்கும் வெளி மாநில ஆர்டரை நிறுத்தி வைங்க, அந்த ரெண்டு பார்சல் பத்தியும் ஒரு கணக்காளர்கிட்ட கேட்டுக்குங்க.

அடுத்த செக் தேதி ஆகஸ்ட் 10-ன்னு போட்டிருக்கீங்க. அதனால ஏஜென்சி வேலையை முதல்ல முடிங்க, இந்த வாரம் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் முடிவு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல, அதோட நகல் மெயில்ல. 5-ம் தேதிக்குள்ள செக் திரும்ப வரலன்னா பாஸ்புக்கும் செக் நம்பர் லிஸ்ட்டும் எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போய் ஏழு செக்குக்கும் தனித்தனியா ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி பத்திரமா வைங்க. ஷோரூமுக்கு அனுப்பற கடிதத்தை அதுக்கு அடுத்த நாள் எழுதலாம், அக்ரிமென்ட்டை மட்டும் அவங்க பதில் வர்ற வரைக்கும் கையெழுத்து போடாம வச்சிருங்க.